மேல்தொட்டி

சின்னத் தொட்டியைப் பெரிய தொட்டிக்கு மேலே வைக்க வேண்டுமா, கீழே வைக்க வேண்டுமா, அவர் என்ன சொன்னார் என்பது செண்பகவல்லிக்கு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. சொல்லியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. சாப்பாட்டு மேசையில், ரசச் சோற்றைப் பிசைந்த கையை அப்படியே அந்தரத்தில் தூக்கிக் காற்றில் ஒரு பெட்டி வரைந்து, "கேக்கியா செண்பகம், தண்ணி இங்கேருந்து அங்க போயி, அங்கேருந்து தானா இங்க வந்துரும்" என்று சொன்ன அந்தக் கை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. விரல் நுனியிலிருந்து ஒரு பருக்கை மேசை விரிப்பில் விழுந்ததுகூட நிற்கிறது. அங்கே என்றது எங்கே என்பதுதான் நிற்கவில்லை. அவள் அப்போது பருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். விரிப்பு அன்றைக்குத்தான் துவைத்துப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உள்ளறையில் அவள் புருஷன் அம்பலவாணன் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். வில்லிவாக்கத்தில் இரண்டாம் மாடியிலிருந்த அந்த வீட்டில் மின்விசிறியின் ஓசையும், கூடத்துச் சுவரோரம் நின்ற கடல்நீர் மீன்தொட்டியின் சளசளப்பும் தவிர வேறு சத்தம் இல்லை. அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, போன வாரம் தன் கையாலேயே ஒட்டிய கண்ணாடிப் பெட்டியை எதிரே வைத்துக்கொண்டு, அவருடைய பேச்சைத் தேடிக்கொண்டிருந்தாள். அவரையே எழுப்பிக் கேட்கலாம் என்றால் அதற்கு வழியில்லை. அவரிடம் பேச்சு இல்லை.

பேச்சே இல்லை என்றும் சொல்ல முடியாது, ஒரு வார்த்தை இருந்தது. மழை பிடித்த புதிதில் ஒரு காலை, காய்கறிப் பையோடு படியேறி வந்தவர் கடைசிப் படியில் நின்று அவளைப் பார்த்து என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாகப் போயிற்று. பை நழுவிக் கத்தரிக்காய்கள் ஒவ்வொரு படியாகக் குதித்துக் குதித்து இறங்கின, அவள் முதலில் அவற்றைத்தான் பார்த்தாள், ஏன்தான் எப்போதும் தப்பான இடத்தையே பார்க்கிறோமோ. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மூளையில் பேச்சு இருக்கிற இடத்தில்தான் அடி என்று டாக்டரம்மா ஒரு கறுப்புத் திட்டைக் காட்டினாள். கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். அவ்வளவு பேச்சும் இத்தனூண்டு இடத்திலா இருந்தது. மின்வாரியத்துக் கதைகள், கோவில்பட்டிக் கதைகள், மீன், பவளம், உப்பு, எல்லாம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் திடீரென்று, தெளிவாக, "அப்புறம்" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை, பூனாவிலிருக்கும் மகள் பார்கவியைப் போனில் கூப்பிட்டு, அப்பா பேசிட்டாரு, பேசிட்டாரு என்று கத்தினாள். பிறகு பார்த்தால் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். தாகம் என்றாலும் அப்புறம், முதுகு வலித்தாலும் அப்புறம், கோபம் வந்தால் அதையே பல்லைக் கடித்துக்கொண்டு. சிலருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் மாட்டிக்கொள்ளும், ஏன் அந்த வார்த்தை என்பது யாருக்கும் தெரியாது என்றாள் டாக்டரம்மா. செண்பகவல்லி தலையை ஆட்டினாள். ஆனால் அது யாருடைய வார்த்தை என்று அவளுக்குத் தெரியும். அவர் மீன் பேச்சை எடுக்கும்போதெல்லாம், குக்கரைப் பார்த்துக்கொண்டோ விடைத்தாளைத் திருத்திக்கொண்டோ, "அப்புறம் சொல்லுங்க" என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்காக அவர் மட்டும் என்ன, அவள் பேச்சை உட்கார்ந்து கேட்டவரா. பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்த அத்தனை வருஷமும் அவள் தலைமையாசிரியையின் பேர் என்ன என்று கேட்டால் இந்த மனுஷனுக்குச் சொல்லத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அவர் கண் தொட்டியின் மேலேயே இருக்கும், வாய் மட்டும் ம்ம் என்னும். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் மாறி மாறி ம்ம் சொல்லிக்கொண்டு ஆயுசைக் கழித்தாயிற்று. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்தாள், நினைத்ததும் அந்த நினைப்பு நெஞ்சுக்குள் ஒரு இடத்தில் போய்ச் சிக்கியது, துணி ஆணியில் சிக்குவதுபோல. சரி, வேலையைப் பார். அந்த மீன். எல்லாம் அந்த ஒரு மீனால் வந்தது. கொளத்தூர்க் கடையிலிருந்து அவர் படுக்கையில் விழுவதற்கு முந்தின மாதம் வாங்கி வந்தது, மாண்டரின் என்று பேர், ஆள்காட்டி விரல் நீளம், நீலத்தில் ஆரஞ்சுக் கோடு இழுத்து, பட்டுப்புடவைத் தலைப்பில் ஒரு துண்டை வெட்டி விட்டதுபோல இருந்தது. அதை மாத்திரம் அவர் அவளையும் கூப்பிட்டுக் காட்டினார், அவளும் அதை மாத்திரம் நின்று பார்த்தாள். அது மற்ற மீன்களைப்போல உருண்டை போட்டால் தின்னாது. கல்லில் ஊர்கிற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத உயிருள்ள பூச்சிகளைத்தான் நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும். பெரிய தொட்டியில் அந்தப் பூச்சிகள் பெருகுவதற்குள் எல்லா மீன்களுமாகச் சேர்ந்து தின்று தீர்த்துவிடும். அதனால் அவற்றுக்கென்று தனியாக ஒரு சின்னத் தொட்டி வேண்டும், ரெஃப்யூஜியம் என்று பேர், அங்கே வாயுள்ளது எதையும் விடக்கூடாது, பாசி மட்டும், கல் மட்டும். "சின்ன உசுரு ஒதுங்க ஒரு எடம். அங்க பெருகி, மிச்சம் இருக்கது இங்க வந்து விழும். இது தின்னும்." இதை அவர் சொன்னபோது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நினைவில்லை. அதனாலோ என்னவோ வார்த்தைகள் முழுசாக இருந்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்றே அவர் அந்த மீனைத்தான் தேடினார். இப்போது அதன் வயிறு உள்ளே ஒட்டிவிட்டது. தலை பெரிதாகவும் உடம்பு குறுகியும், காய்ச்சலில் கிடந்து எழுந்த குழந்தைபோல. காலையில் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கூடத்துக்குத் தள்ளி வந்தால் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார், பிறகு கஞ்சியைக் கொண்டுபோனால் வாயை மூடிக்கொள்வார். அவர் கஞ்சி குடிக்காததற்கும் அது இளைப்பதற்கும் என்ன சம்பந்தம், ஒன்றுமில்லை, தொண்டை சரியில்லாததால் குடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ராத்திரி படுக்கும்போது பயம் அந்த இரண்டையும் சேர்த்து முடிந்து வைத்திருந்தது, அவிழ்க்க வரவில்லை. "அம்மா, அத யாருக்காவது குடுத்துருங்க, கடையிலயே எடுத்துக்குவாங்க" என்றாள் பார்கவி. "அப்பாவப் பாப்பீங்களா, மீனப் பாப்பீங்களா?" செண்பகவல்லி, "பாத்துக்கிடுதேன் பாப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுநாளே பீரோவுக்குப் பின்னால் அவர் வெட்டி வாங்கிச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த கண்ணாடித் துண்டுகளை இழுத்து வெளியே போட்டாள். ஒரு துண்டில் மேல் ஓரமாக ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வட்டத் துளை, கடையிலேயே போட்டு வாங்கியது. மற்றதெல்லாம் அவள் காதில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டு துக்காணிப் பேச்சை வைத்துத்தான். சிலிக்கான் பசையை அமுக்கியபோது புளிக்காடி வாசனை வந்தது, அந்த வாசனை வந்ததும், "கோடு அறுபடாம ஒரே இழுப்பா இழுக்கணும் செண்பகம், நடுவுல நிறுத்தினா அங்கதான் ஒழுகும்" என்ற பேச்சும் வந்தது, எத்தனையோ வருஷத்துக்கு முன் பெரிய தொட்டியை ஒட்டியபோது சொன்னது. அவள் கோலம் போடுகிற கை. ஒரே இழுப்பாக இழுத்தாள்.

மேலேயா கீழேயா. கீழே வைக்கத் தொட்டிக்கு அடியில் குட்டை அலமாரி இருந்தது. மேலே வைப்பதென்றால் தொட்டிக்கு மேலே, நாற்காலியில் உட்கார்ந்தால் முகத்துக்கு நேராக, சுவரில் பதித்த கடப்பைக்கல் பலகை. அதைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பலகையை அவர் கேட்டார். ஆமாம், கேட்டாரே. பலகையில் அவளுடைய பள்ளிக்கூடச் சாமான்கள் இருந்தன, பணி ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கேடயம், பிள்ளைகளோடு எடுத்த படங்கள், ஒரு உலக உருண்டை. "அத ஒரு எடத்துல மாத்தி வச்சீன்னா எனக்கு உபகாரமா இருக்கும்" என்று எவ்வளவோ தயங்கித்தான் கேட்டார். "வீடு பூரா உங்க மீனுதான். எனக்குன்னு இருக்கது அந்த ஒரு பலகை. அதுவும் வேணுமா?" என்றாள். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கண்ணாடித் துண்டுகள் பீரோவுக்குப் பின்னால் போயின. அன்றைக்குச் சொன்னது நியாயம்தான், இன்றைக்கு யோசித்தாலும் நியாயம்தான், நியாயமாக இருந்தால் மட்டும் என்ன, இப்போது அது ஒரு துப்பாகக் கிடைத்திருக்கிறது. பலகையைக் கேட்டார் என்றால் மேலே. மேலே இருந்தால்தான் பூச்சிகள் மோட்டாரில் அகப்பட்டு அரைபடாமல் தண்ணீரோடு தானாக இறங்கும். தானா இங்க வந்துரும் என்று காற்றில் இறங்கிய அந்தக் கை. அவள் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள். கேடயத்தையும் படங்களையும் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். உருண்டையைத் தள்ளும்போது அது தானாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவர் விழித்துவிட்டாரா என்று பார்த்தாள். இல்லை, வாயோரம் எச்சில் வழிய, வலது கை யாரோ விட்டுவிட்டுப் போன பொருள்போலப் பக்கத்தில் கிடக்க, தூங்கிக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் தூக்கிப் பலகையில் ஏற்றியபோது தோள்பட்டை முறிந்துவிடும்போல இருந்தது. துளையில் குழாயைப் பொருத்தி வளைத்துப் பெரிய தொட்டிக்குள் விட்டாள். சின்ன மோட்டாரைப் பெரிய தொட்டியின் அடியில் வைத்து, அதிலிருந்து வருகிற ரப்பர் குழாயைச் சின்னத் தொட்டியின் அடிவரை இறக்கினாள். மண், கல், பிறகு கடைக்காரர் பையில் போட்டுத் தந்த பாசி, பாத்திரம் தேய்க்கிற கம்பிநாரைப் பச்சைச் சாயத்தில் முக்கினால் எப்படியிருக்குமோ அப்படி ஒரு சுருள். கடைசியில் பூச்சிகள் இருந்த புட்டியைக் கவிழ்த்தாள், கலங்கல் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, இதற்குள்ளேயா உசுரு. பெருக ஒரு மாதமாவது ஆகும் என்றிருந்தார் கடைக்காரர். அதுவரை அந்த மீன் இருக்குமா என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காலையிலிருந்து அது கண்ணில் படவேயில்லை என்பதையும் அவள் தனக்குள் இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை. கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரைக் குடம் குடமாக ஏற்றி நிரப்பிவிட்டு சுவிட்சைப் போட்டாள். குழாய் இருமியது, காற்றைக் கக்கியது, பிறகு தண்ணீர் ஏறியது. சின்னத் தொட்டியில் மட்டம் உயர்ந்து துளையைத் தொட்டதும், ஒரு கணம் யோசித்தாற்போல நின்று, மறுபக்கக் குழாய் வழியாகச் சரசரவென்று இறங்கியது. ஏறினது, இறங்கினது. பசை ஒழுகவில்லை. அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் யார் கேட்பார்கள், இதைக் கேட்டால் சந்தோஷப்படுகிறவர் உள்ளே தூங்குகிறார், எழுந்ததும் காட்டலாம். என்னமோ ஒன்று மட்டும் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. இந்த ரப்பர் குழாயைப் பற்றி அவர் இன்னும் ஏதோ சொல்லியிருக்கிறார். மூச்சு. மூச்சு என்று ஒரு வார்த்தை அதில் வந்தது. குழாய்க்கும் மூச்சுக்கும் என்ன. வேறெதையோ சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம் என்று நினைத்து அடுப்படிக்குப் போய்க் காபிக்குப் பாலை வைத்தாள்.

பால் பொங்கி வரும் நேரத்தில் மின்சாரம் போயிற்று. போனால் வரும் என்று அவள் அடுப்பைத் தணித்தாள். மின்விசிறி ஓய்ந்து, வீடு அடங்கி, அந்த அமைதிக்குள் ஒரு சின்ன ஓசை, தரையில் யாரோ ஈரத்துணியை அடிப்பதுபோல, சொத், சொத். அடுத்த கணம் உள்ளறையிலிருந்து, "அப்புறம்! அப்புறம்! அப்புறம்!" என்று அலறல் வந்தது. அப்படி ஒரு குரல் அவரிடமிருந்து இந்த மாதங்களில் வந்ததே இல்லை. அவள் ஓடினாள். படுக்கையில் பாதி எழுந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, கண் பிதுங்க அவளைப் பார்த்து, இடது கையால் மூக்கைப் பிடித்து அழுத்தினார். மூச்சு முட்டுகிறது. கடவுளே, இன்னொரு தரமா, இதைத்தான் டாக்டரம்மா சொன்னாளா, இன்னொன்று வந்தால் தாங்காது என்று. "என்னங்க, என்ன செய்யுது, மூச்சு வரலியா? இருங்க, இருங்க" என்று நெஞ்சைத் தடவினாள், சட்டைப் பொத்தானை அவிழ்த்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். கோபத்தோடு தட்டிவிட்டார். கூடத்துப் பக்கம் விரலை நீட்டினார், மறுபடி மூக்கைப் பிடித்தார், விட்டார், ஹா என்று வாயைத் திறந்து காற்றை இழுத்துக் காட்டினார். மூக்கை மூடினார், திறந்தார், ஹா. கூடத்தில் சொத் சொத் என்ற சத்தம் இப்போது சளசளவென்று ஆகியிருந்தது. அவள் அவர் வாயையே பார்த்தாள். குழாய்க்கு மூச்சு விட ஒரு ஓட்டை போடணும் செண்பகம், இல்லன்னா கரண்டு போனா ஏறின வழியாவே அவ்வளவும் இறங்கி வீடு பூரா கடலாயிரும். எங்கே சொன்னார், எப்போது சொன்னார், எதுவும் தெரியாது, முழு வாக்கியமும் அவருடைய குரலில், சிரிப்போடு சேர்த்து, அப்படியே வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் சின்னத் தொட்டி பாதி வடிந்திருந்தது, பெரிய தொட்டியின் விளிம்பு முழுக்க வழிந்து சுவரோரம் நாற்காலிக் காலெல்லாம் தண்ணீர். ரப்பர் குழாயைப் பிடுங்கி மேலே தூக்கியதும் கர்ரென்று ஒரு மூச்சு இழுத்து நின்றது. அவள் நனைந்த புடவையோடு அடுப்படிக்குப் போய்க் கோணி ஊசியைத் தணலில் பழுக்கக் காய்ச்சி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே வருகிற இடமாகப் பார்த்துக் குழாயில் ஒரு துளை போட்டாள். மறுபடி இறக்கினாள். தரையைத் துடைத்துத் துடைத்து வாளியில் பிழிந்தாள், அவர் அங்கிருந்தே ஒவ்வொரு தரமும் குரல் கொடுத்தார், கேள்விபோல, அவளும் இங்கிருந்தே, "போட்டுட்டேன்", "மேலதான், தண்ணிக்கு மேலதான்", "ஒழுகல" என்று பதில் சொன்னாள். இப்படி இவர்கள் பேசி எவ்வளவு காலம் ஆயிற்று. விழுந்த பிறகு என்றில்லை, அதற்கு முன்பே எவ்வளவு காலம். மின்சாரம் வந்தது. தண்ணீர் ஏறியது, துளையிலிருந்து நூல்போல ஒரு தாரை சின்னத் தொட்டிக்குள்ளேயே பீய்ச்சியது. வேண்டுமென்றே சுவிட்சை அணைத்துப் பார்த்தாள். குழாய் காற்றை இழுத்து அடங்கியது. அதற்குமேல் ஒரு சொட்டுக்கூடத் திரும்பி இறங்கவில்லை. அவரை அணைத்துத் தூக்கி நாற்காலியில் இருத்தித் தள்ளிக்கொண்டு வரும்போது, பார்த்ததும் சிரிப்பார், அந்தக் கோணல் சிரிப்பைச் சிரிப்பார் என்று அவள் நினைத்தாள்.

அவர் மேலே ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பிறகு பெரிய தொட்டியை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை மெல்லத் தேடினார். அவள் நாற்காலிக்குப் பின்னால் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டுபிடித்தது அவர்தான். பின்பக்கம், பாறைக்கும் கண்ணாடிக்கும் நடுவில், மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. நிறம் மட்டும் அப்படியே இருந்தது, நீலமும் ஆரஞ்சும். செவுள் அசைந்துகொண்டிருந்தது. ஒரு நண்டு அதன் வால்பக்கம் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்தது. அவர் இடது கையை நீட்டி மேலே காட்டினார். அவள் வலையை விட்டாள். அது ஓடவில்லை, தப்பிக்கப் பார்க்கவில்லை, தானாக வந்து படுத்துக்கொண்டதுபோல வலைக்குள் வந்தது. எடை என்று ஒன்றும் இல்லை, ஈரமான இலை. மேல்தொட்டியில் பாசிக்குப் பக்கத்தில் விட்டாள். இங்கே உன்னைக் கடிக்க யாருமில்லை என்று சொன்னாள், வாய்விட்டே சொன்னாள். அது மணலில் போய் அமர்ந்து, பூப்போன்ற இரண்டு துடுப்புகளையும் ஒரு தரம் விரித்தது. கல்லைப் பார்த்து ஒரு கொத்துக் கொத்தியது. "தின்னுதுங்க!" என்றாள். வெகு நேரம் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஜன்னலில் வெயில் மஞ்சளாகிச் சாம்பலாகும்வரை. செவுள் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. அசைகிறது அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது, குழாய்த் துளையிலிருந்து விழும் தண்ணீர்தான் அதை அசைத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, ஒரு மாதம் முன்னால் செய்திருந்தால், அந்தப் பலகையை, என்று தொடங்கி அதே இடத்துக்கு வந்து சிக்கியது. எடுத்துத் துளசிச் செடிக்கடியில் புதைத்துவிடலாம் என்று வலையைத் தூக்கினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இடது கையில் எவ்வளவு வலு வந்திருக்கிறது. வேண்டாம் என்று தலையை அசைத்தார். "செத்துப் போச்சுங்க" என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. அவர் தெரியும் என்று கண்ணை மூடித் திறந்தார். மணலைக் காட்டினார், கல்லைக் காட்டினார், விரல் நுனிகளைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் வலையைக் கீழே வைத்தாள். இதைத் தின்ன வந்தவற்றை அல்ல, இது தின்ன வேண்டியவற்றைச் சொல்கிறார். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்ன உயிர்களுக்கு ஒரு வேளை சாப்பாடு, முதல் சாப்பாடு. இருக்கட்டும் என்கிறார். பெரிய தொட்டியின் விளக்கு தானாக அணைந்தது. பெருசுக்கு ராத்திரின்னா சிறுசுக்குப் பகல் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்து, மேல்தொட்டிக்கு மாட்டியிருந்த சின்ன விளக்கைப் போட்டாள். கூடம் முழுக்க இருட்டு, அந்தப் பெட்டி மட்டும் வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் கல்லின் நிழலிலிருந்து, மாவு உதிர்ந்ததுபோல வெள்ளைப் பொட்டுகள், ஒன்று, நாலு, எண்ண முடியாமல், விட்டுவிட்டுத் துள்ளி அந்த நீல உடம்பைச் சுற்றி வந்தன. "வருதுங்க, இதோ, தெரியுதா?" என்றாள். அவர் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டக் கொண்டுபோனார். பின்னுக்கு இழுத்தார். கண்ணைச் சுருக்கினார். மறுபடி ஒட்டினார்.

அவருக்குத் தெரியவில்லை என்பது அவளுக்கு மெல்லத்தான் உறைத்தது. மூக்குக்கண்ணாடி. கிட்டத்தில் பார்க்க அவர் போடுகிற கண்ணாடி. விழுந்த அன்று சட்டைப் பையில் இருந்ததை ஆஸ்பத்திரியில் மோதிரத்தோடும் கைக்கடிகாரத்தோடும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள், அவள் அதை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினாள், படிக்கிறவருக்கும் எழுதுகிறவருக்கும்தானே கண்ணாடி, அவர்தான் படுத்திருக்கிறாரே என்று. அது அவருக்கு வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை, மகளுக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றவில்லை. தினமும் மூன்று வேளை முகத்துக்கு முகம் வைத்துக் கஞ்சி ஊட்டியிருக்கிறாள். அத்தனை நாளும் அவருக்குத் தெரிந்தது ஒரு கரண்டி, அதற்குப் பின்னால் ஒரு மங்கல். அவள் எழுந்து போய் இருட்டில் தடவிப் பையை எடுத்தாள். ஒரு சில்லில் லேசாகக் கீறல் விழுந்திருந்தது. புடவையின் உலர்ந்த பக்கமாகத் தேடித் துடைத்து, முன்னால் மண்டியிட்டு, ஒவ்வொரு காதாக மாட்டிவிட்டாள். அவர் தொட்டிக்குத் திரும்பினார். வெள்ளைப் பொட்டுகளைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், மூச்சு சீராக வந்தது. பிறகு முகத்தைத் திருப்பி, பக்கத்தில் மண்டியிட்டிருந்த அவளைப் பார்த்தார். சாயம் போடாமல் விட்டு வெளுத்துப்போன வகிட்டை, கண்ணுக்கடியில் விழுந்திருந்த கறுப்பை, காலையிலிருந்து வாராத தலையை, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். அவர் கண் நிறைந்து கண்ணாடிக்குள்ளேயே வழிந்தது. செண்பகவல்லிக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்து விளக்கைப் போடப் போய்விடலாம்போல இருந்தது. அவள் எழவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பார்க்கட்டும் என்று அப்படியே இருந்தாள்.